முதுமையும் முதன்மை மேடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இசை விழாவுக்கு ஆயத்தஞ் செய்யும்போதெல்லாம் நம்மவரிடையே ஒரு வாதம் எழுவது வழக்கமாகிவிட்டது. "அவருக்கு வயது போய்விட்டது, இனியும் அவரையா அழைப்பது?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். "அவர் வராவிட்டால் அஃதென்ன விழா? மண்டபம் நிரம்புமா?" என்று மறு சாரார் கேட்கின்றனர். செயற்குழுக் கூட்டத்திலும், கோயில் வீதியிலும், தேநீர்க் கடையிலும் இவ்வாதம் நடைபெறுகின்றது. இரு சாராரும் தத்தம் விருப்பைச் சொல்லிக் கலைந்து விடுகின்றார்களேயன்றி, பொருளை நின்று ஆராய்வாரைக் காண்பது அரிது. ஆதலின் அதனையே இன்று நமது உரைக்குப் பொருளாக எடுத்துக் கொள்கின்றோம். புகழ்பெற்ற இசைக் கலைஞர் முதுமை எய்திய பின்னரும் பெரிய விழாக்களில் முதன்மைக் கச்சேரியை அவர்களுக்கே கொடுத்து வருதல் தகுமா? இதுவே வினா.

வினாவை முதலில் வரையறுத்துக் கொள்வோம். முதியவர் பாடலாமா என்பது நமது வினாவன்று. ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலோ, திருக்கோயில் மண்டபத்திலோ, மாணாக்கர் நடுவிலோ மூச்சுள்ளவரை பாடலாம். அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. முதன்மை மேடை அப்படிப்பட்டதன்று. அஃது ஊரார் பணத்தால் அமைவது; ஒரு மாலையில் ஒருவருக்கே கிடைப்பது; ஒருவருக்குக் கொடுத்தால் மற்றொருவருக்கு இல்லையென்றாவது. எனவே அது பொதுச்சொத்து. அப்பொதுச்சொத்தைப் பங்கிடும் முறை பற்றியே நாம் பேசுகின்றோம்.

முதுமை இசைக் கலைஞரை என்ன செய்கின்றது என்பதை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். குரல்நாண்கள் தசையால் ஆனவை. ஆண்டுகள் ஏற ஏற அத்தசை மெலிகின்றது. இரு நாண்களும் முற்றாகப் பொருந்தாமற் போகவே இடையிற் காற்றுக் கசிகின்றது. குரல்வளைக் குருத்தெலும்புகள் இறுகுகின்றன. நுரையீரல் அடக்கும் மூச்சின் அளவு குறைகின்றது. பெண்களின் குரல் தாழ்ந்து கனப்பதும், ஆண்களின் குரல் மெலிந்து உயர்வதும் பலரிடத்தும் காணப்படுவன. இதனாலேயே பாடகர் பலர் தமது சுருதியை அரைக்கட்டை, ஒரு கட்டை என இறக்கிக் கொள்கின்றனர். நாதஸ்வரக்காரரின் நிலை இன்னும் கடினமானது. சீவாளியை உதட்டாற் பிடித்து மூச்சை அழுத்தி ஊதவேண்டும். பல் விழுந்தால் உதட்டுப் பிடி தளர்ந்துவிடும். தவில்காரருக்குத் தோளும் மணிக்கட்டும் வலுவிழந்தால் நடை தளரும். இவை எவருடைய குற்றமுமல்ல, உடம்பின் இயல்பு.

ஆயினும் முதுமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயரை எடுத்துக் கொள்வோம். 1908 இற் பிறந்த அப்பெரியார்க்கு இயற்கை இனிய குரலைக் கொடுக்கவில்லை. இடைவிடாத சாதகத்தால் அக்குரலைப் பழக்கித் தமக்கு ஏவல் செய்ய வைத்தார். 1947 இல் சென்னைச் சங்கீத வித்துவ சபையின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதும் நிரம்பவில்லை. திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வர் பதவியிலிருந்து 1963 இல் ஓய்வு பெற்றார். பதவிக்கு ஓய்வு வந்தது, பாட்டுக்கு வரவில்லை. எண்பது வயதைக் கடந்தும் பல்லாண்டு அவர் மேடையில் அமர்ந்து பாடினார். அன்று அவரைக் கேட்கப் போனவர்கள் மூன்று தாயிகளிலும் பாயும் குரலைத் தேடிப் போகவில்லை. இராகத்தை எங்கே தொடவேண்டும், எங்கே விடவேண்டும் என்ற அறிவைக் கேட்கவே போயினர். அவ்வறிவு குரல்நாணில் இருப்பதன்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். கருநாடக இசையில் பாடகர் ஒவ்வொரு நாளும் இராகத்தைப் புதிதாய்ப் படைக்கின்றார். நேற்றுப் பாடியது இன்றைக்கு அளவுகோலன்று. ஆதலால் குரல் குன்றினாலும் கற்பனை ஈடு செய்ய இடமுண்டு. திரைப்பாட்டின் நிலை அவ்வாறன்று. நாற்பது ஆண்டுக்கு முன் ஒலிப்பதிவாகிய அப்பாட்டு, அதே மூச்சு, அதே நெளிவு, அதே உச்சத்தோடு இலட்சக்கணக்கானோர் செவியிற் பதிந்துவிட்டது. எழுபது வயதிற் பாடகர் மேடையேறும்போது போட்டி போடுவது தமது முப்பது வயதோடு. இப்போட்டியில் வெல்ல மனிதரால் இயலுமா? 1938 இற் பிறந்த எஸ். ஜானகி அம்மையார் 2017 ஒக்டோபரில் மைசூரில் தமது இறுதி மேடை நிகழ்ச்சியை நிகழ்த்தி விடைபெற்றார். அவருடைய பாட்டுக்களை மக்கள் மறந்துவிட்ட காலத்தில் அன்று. கொண்டாடிக் கொண்டிருந்த காலத்திலேயே அவர் விடைபெற்றார்.

மேலை நாட்டார் இவ்விடயத்தில் என்ன செய்கின்றனர் என்று பார்ப்பதும் பயனுடைத்து. இங்கிலாந்திலே கிளாஸ்டன்பெரி என்னுமிடத்தில் ஒரு பண்ணை நிலத்தில் 1970 முதலாக ஒரு பெரிய இசை விழா நடந்து வருகின்றது. 2022 யூன் மாதத்து விழாவின் வெள்ளிக்கிழமை முதன்மைக் கச்சேரியைப் பில்லி ஐலிஷ் என்ற பெண் நிகழ்த்தினார்; அவருக்கு அப்போது இருபது வயது. மறுநாட் சனிக்கிழமை அதே மேடையில் பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி பாடினார். அவருக்கு எண்பது வயது நிரம்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. தனித்து அம்மேடையின் முதன்மை இடத்தில் நின்றவருள் அன்றுவரை மிக இளையவரும் மிக மூத்தவரும் அடுத்தடுத்த இரவுகளில் வந்தனர். மக்கார்ட்னி இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் நின்று பாடினார்; இடையிலே தம்மினும் இளைய கலைஞர் இருவரை மேடைக்கு அழைத்துச் சேர்ந்து பாடினார். இருபதும் எண்பதும் ஒரு விழாவில் அடங்கின. ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

இன்னொரு காட்சி. டோனி பெனட் என்ற அமெரிக்கப் பாடகருக்கு நினைவை அரிக்கும் அல்சைமர் நோய் இருப்பதாக 2021 பெப்ரவரியில் அவர் குடும்பத்தார் வெளிப்படையாக அறிவித்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், தமது தொண்ணூற்றைந்தாவது பிறந்தநாளிலும் அதற்கு மறுநாள் விட்டும், நியூயோர்க்கின் றேடியோ சிற்றி மண்டபத்தில் லேடி காகா என்ற இளைய பாடகியுடன் அவர் பாடினார். அவையே அவரது இறுதிப் பெருங் கச்சேரிகளாயின. நோய் மறைக்கப்படவில்லை; துணை உடனிருந்தது; முடிவு இதுவென்பதும் தெரிந்திருந்தது. ஆதலால் அங்கிருந்தோர் இரக்கப்படுவதற்கு மாறாக நன்றியோடு கேட்டனர். அதேபோல், 2022 மார்ச்சில் இலண்டனில் ஜெனெசிஸ் குழுவின் கடைசிக் கச்சேரியில் பில் கொலின்ஸ் நாற்காலியில் அமர்ந்தே பாடினார். ஒரு காலத்தில் அவர் வாசித்த முழவுகளை அன்று அவர் பின்னாலிருந்து வாசித்தவர் அவருடைய மகன்.

இவற்றுக்கு மறுதலையும் உண்டு. 2006 பெப்ரவரியில் இத்தாலியின் டூரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் பவரோட்டி தோன்றினார். உலகமே பார்த்திருந்தது. அப்பாட்டு முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதென்பதும், அன்று மேடையில் அவர் வாயசைத்தாரென்பதும் அவர் மறைந்த பின்பு வெளிவந்தன. நோயுற்றிருந்த அப்பெருங் கலைஞரை நாம் பழிக்க வரவில்லை. அன்றிரவு பாட முடியாத நிலையில் இருந்த ஒருவரிடம் பாட்டைக் கேட்ட விழாவையே பழிக்கின்றோம். "அவர் வந்தார்" என்ற பெயருக்காகக் கலைஞரின் மெய்ம்மையை விலைபேசிய அக்கொடுமை பெரிய நாட்டில் மட்டும் நடப்பதன்று. நமது ஊர்களிலும், ஒலிப்பதிவைப் பின்னால் ஓடவிட்டு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும் நிகழ்ச்சிகளை மக்கள் அறியாமலில்லை.

அப்படியாயின் விழா நடத்துவோர் ஏன் முதியோரையே நாடுகின்றனர்? காரணம் வெளிப்படை. மண்டப வாடகை, ஒலியமைப்பு, விமானச் சீட்டு, தங்குமிடம், பக்கவாத்தியக்காரர் சன்மானம் எனச் செலவுகள் முன்னே நிற்கின்றன. நுழைவுச் சீட்டை விற்றுத் தருவது பெயர். அப்பெயரை உண்டாக்க முப்பது நாற்பது ஆண்டுகள் செல்லும். ஆதலால் கடன்படாமல் விழாவை முடிக்க நினைக்கும் குழு, முன்னரே உண்டான பெயரைத் தேடிப் போகின்றது. இதனைக் கயமை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெரியவரின் பெயரால் வந்த பணத்திலேதான் பல இளைஞரின் மாலைகள் நடைபெறுகின்றன என்பதும் உண்மை. ஆனால் இருபது ஆண்டுகளாய்ப் பழைய பெயரையே விற்று வந்தால், இருபத்தோராவது ஆண்டில் விற்பதற்குப் பெயர் எங்கிருந்து வரும்? விதை நெல்லைக் குற்றிச் சோறாக்குவது போன்ற வேலை அது.

இரண்டாவது காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அரசாங்கப் பாடசாலையிற் சங்கீதம் கற்பித்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. திருவிழாவுக்குத் திருவிழா ஊர் மாறி வாசித்தவருக்கு அது கிடையாது. அவருக்கு மேடை நின்ற அன்றே உலையும் நிற்கும். "இவர் இனி ஒதுங்கலாமே" என்று முன்வரிசையிலிருந்து சொல்லுதல் எளிது. ஒதுங்கினால் மருந்துக்குப் பணம் யார் கொடுப்பார் என்று கேட்டால் முன்வரிசை மௌனமாகிவிடும். முதியோரை விலகச் சொல்லும் சமுதாயம், விலகியவர் வாழ வழி செய்த பின்னரே அச்சொல்லைச் சொல்லத் தகுதி பெறும்.

இளைஞர் தரப்பையும் கேட்போம். சென்னையில் மார்கழி விழாக் காலத்தில் பெரிய சபைகள் நண்பகலை இளையோர்க்கும், பிற்பகலை இடைநிலையினர்க்கும், மாலையை மூத்தோர்க்கும் ஒதுக்குவது வழக்கம். படிப்படியாய் ஏறும் அவ்வொழுங்கு நல்லதே. ஆயினும் நண்பகலில் காலி நாற்காலிகளுக்குப் பாடிப் பாடி, மாலை எப்போது வருமென்று காத்திருந்து நடுவயதை எட்டியவர் அநேகர். நமது நாட்டில் நிலைமை இன்னும் நெருக்கடியானது; இங்கே நண்பகல் மேடையும் இல்லை. எட்டு ஆண்டு கற்று, பரீட்சைகளெல்லாம் சித்தியடைந்த பிள்ளை, மாமன் மகள் கலியாண வீட்டைத் தவிர வேறு மேடை காணாமல், வீணையை உறையிலிட்டு மூலையில் வைத்துவிட்டு வேலை தேடிக் கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடுகின்றது. இழப்பு அப்பிள்ளையோடு நிற்பதில்லை. அதன் வழியே வந்திருக்கக்கூடிய மாணாக்கரையும் நாம் இழக்கின்றோம்.

இளையோரை நம்பிப் பொறுப்புக் கொடுத்தால் பலன் வருமென்பதற்குச் சான்று நமது மண்ணிலேயே உண்டு. 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கழகம் தொடங்கியபோது அதன் முதல்வராய் வந்த மகாராஜபுரம் சந்தானம் முப்பது வயதைச் சற்றே கடந்தவர். செம்மங்குடியின் குருமாருள் ஒருவரான மகாராஜபுரம் விசுவநாத ஐயரின் புதல்வர் அவர். அந்த இளவயதுக்காரரிடம் யாழ்ப்பாணம் தன் பிள்ளைகளை ஒப்படைத்தது. இன்று அந்நிறுவனம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக வளர்ந்து நிற்கின்றது. மேலும் ஒன்று: நாம் காத்திருக்கும் முதுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தவில் உலகில் இணையற்றவராய் விளங்கிய நமது தெட்சணாமூர்த்தி 1975 இல் நாற்பது வயதைக் கடந்த சிறிது காலத்தில் மறைந்தார். அவருக்கு இளமையிலே மேடை கிடையாதிருந்தால் அந்த நாதத்தை யார் கேட்டிருப்பர்? "பொறு, உன் முறை வரும்" என்று சொல்வோர் இதனை நினைந்து பார்க்கட்டும்.

மேடை விட்டிறங்குவது மறைவதாகாது என்பதையும் முன்னோர் காட்டியுள்ளனர். முசிரி சுப்பிரமணிய ஐயர் புகழோடிருந்த காலத்திலேயே உடல்நிலை காரணமாகக் கச்சேரி மேடையை விட்டு விலகினார். பின் 1949 இல் சென்னையில் தொடங்கிய கருநாடக இசைக் கல்லூரியின் முதல்வராய் அமர்ந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1997 இல் கணவர் மறைந்த பின் பொது மேடையில் பாடுவதை நிறுத்திக் கொண்டார். 2004 இல் மறையும்வரை ஏழாண்டு மேடையேறாதிருந்தபோதும் மக்கள் மனத்தில் அவர் இடம் இம்மியளவும் குறையவில்லை. மறுபுறம், 2025 மார்ச் 8 ஆந் திகதி இளையராஜா அவர்கள் தாம் இயற்றிய சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றியபோது அவருக்கு வயது எண்பத்தொன்று. ஒருவர் விலகிப் பெருமை பெறுகின்றார். ஒருவர் தொடர்ந்து பெருமை பெறுகின்றார். ஆகவே இத்தனை வயதோடு முடிவு என்று கோடு கிழிப்பது பேதைமை.

அன்பர்களே, நமது முடிவைச் சொல்லுகின்றோம். வயது அளவுகோலாகாது. முதன்மை மேடைக்கு வேண்டியன நான்கு. முதலாவது, மெய்ம்மை. மேடையில் ஒலிப்பது மேடையிற் பாடப்பெறும் குரலாய் இருத்தல் வேண்டும். உடல்நலக் குறைவிருந்தால் அதைச் சபைக்குச் சொல்வதில் வெட்கமில்லை. இரண்டாவது, அளவு. மூன்று மணி நேரத்துக்குரிய சீட்டை விற்று, ஒரு மணி நேரத்துக்கே வலுவுள்ளவரை வருத்துதல் அவருக்கும் அநீதி, கேட்போர்க்கும் அநீதி. எண்பது வயதுப் பெரியவர் ஒரு இராகத்தை நாற்பது நிமிடம் பாடிவிட்டு எழுந்தால் போதும். மூன்றாவது, துணை. குருவின் பின்னிருந்து சீடர் பாடுவது நமது மரபு. அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்குப் பின்னிருந்து பாடிய கே. வி. நாராயணசாமி பின்னர் தாமே பெருவித்துவானாய் விளங்கினார். குருவின் மூச்சு நின்ற இடத்தைச் சீடர் எடுத்துச் செல்லும்போது சபை இரு தலைமுறையை ஒருங்கே கேட்கின்றது. நான்காவது, அடுத்தவர்க்கு இடம். முதன்மை இடத்தில் அமர்ந்த பெரியவரின் பெயரால் நிரம்பிய மண்டபம், அதே மாலையில் ஓர் இளங் கலைஞரையும் கேட்டுவிட்டே கலைதல் வேண்டும்.

இந்நான்காவதை நமது சங்கமே முதலில் செய்து காட்ட வேண்டுமென்று செயற்குழுவினரை வேண்டிக் கொள்கின்றோம். அடுத்த ஆண்டு விழா தொட்டு, முதன்மைக் கச்சேரிக்கு முன் ஒரு முழு மணித்தியாலத்தை நமது மாவட்டத்து இளங் கலைஞர் ஒருவருக்கு ஒதுக்குவோம். சனங்கள் வந்து சேரும் வரைக்கும் ஒப்புக்கு நிரப்பும் நேரமாக அது இருக்கக் கூடாது. மண்டபம் நிறைந்த பின்பே அவர் தொடங்கட்டும். பெரியவருக்கு வாசிக்கும் பக்கவாத்தியக்காரரே அவருக்கும் வாசிக்கட்டும். அறிவித்தலில் அவர் பெயரும் பெரியவரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் அமையட்டும். அத்துடன், சீட்டு விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மேடை விட்டு ஓய்ந்த நமது ஊர் வாத்தியக் கலைஞருக்கு மாதந்தோறும் கொடுப்போம். பொன்னாடை ஓராண்டில் நைந்து விடும். மாதப் பணம் மருந்தாகும், சோறாகும்.

இறுதியாக இளைஞர்க்கு ஒரு சொல். இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கின்றது. எழுபது ஆண்டு பாடிய ஒருவரின் குரல் ஒரு கணம் பிசகினால் அதை மட்டும் படம்பிடித்து விடியுமுன் உலகெங்கும் பரப்பிச் சிரிப்பது வேடிக்கையாகிவிட்டது. அப்பெரியவரின் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்களென்பதை நினையுங்கள். குரல் பிசகியது நிகழ்ந்ததுதான். அதற்கு முன்னிருந்த எழுபது ஆண்டும் நிகழ்ந்தவைதாம். அவற்றையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். முதியோர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்களை மேடையிலிருந்து இறக்க நாங்கள் விரும்பவில்லை. உங்கள் பாயில் ஓரமாகச் சற்று இடம் விடுங்கள். ஒரு பிள்ளை வந்து அமரட்டும். நீங்கள் தொடங்கிய இராகத்தை அது முடிக்கட்டும். அது தடுமாறினால் நீங்கள் அடியெடுத்துக் கொடுங்கள். அப்படி ஒரு மாலை நமது மண்டபத்தில் நிகழுமாயின், முதன்மை யாருக்கென்ற வாதம் தானே அடங்கும்.